கடற்கரைப் பிள்ளைகள் அரசு வக்கீலாவது எப்படி? தொழிலாளர், சுற்றுச்சூழல் வழக்குகள் பக்கம் வர நினைப்பவர்களுக்கு

ஜூலை 2-ஆம் தேதி கைக்குக் கிடைத்த ஓர் உத்தரவை எதிர்த்து, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு போட வேண்டியிருந்தது. சட்டம் 30 நாள் தருகிறது. தக்க காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். அப்போது நான் ஜூனியர். மொத்தம் மூன்று மாதம் என்று மனக்கணக்குப் போட்டேன். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி விடுமுறை, 3-ஆம் தேதி போட்டால் போதும் என்று வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறிவிட்டேன். ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் 31 நாள் என்பது எழும்பூரில் இறங்கி டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. 90-ஆவது நாள் செப்டம்பர் 30-ஆம் தேதியே முடிந்துபோயிருந்தது. 91-ஆவது நாள் வரும் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் கிடையாது. ஊரில் வலையைப் போட்டுவிட்டுச் செய்திக்காகக் காத்திருந்தவர்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை.

நான் மண்டபம் பக்கத்துக்காரி. அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போவாள். வீட்டில் முதல் பட்டதாரி, ஊரில் முதல் பெண் வக்கீல். சில வருஷம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசுத் தரப்பில் ஆஜரானேன். கையில் வந்தவை பெரும்பாலும் தொழிலாளர் வழக்கும் கடற்கரை வழக்கும்தான். அந்த இடத்துக்கு வர எனக்கு ஆன காலத்தில் பாதிக்கு மேல், யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வீணானது. இப்போது ப்ளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளும் புதிதாக கோட்டு மாட்டியவர்களும் போன் செய்து கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

1. எந்த ‘அரசு வக்கீல்’ என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஊரில் எல்லோரையும் அரசு வக்கீல் என்றே சொல்வார்கள். உள்ளே மூன்று தனித்தனி வழிகள் இருக்கின்றன.

ஒன்று, டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வரும் அரசு உதவி வழக்கு நடத்துநர் வேலை. மாதச் சம்பளம், நிரந்தரப் பணி. விண்ணப்பிக்கக் குற்றவியல் நீதிமன்றங்களில் குறைந்தது 5 வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். பார்ப்பது குற்ற வழக்கு மட்டும். நம் கரையில் கடல் அட்டை பிடிபட்டு மாஜிஸ்திரேட் முன்னால் வரும் வனவிலங்கு வழக்குகள் இவர்கள் கைக்குப் போகும். அந்த வகையில் இதுவும் சுற்றுச்சூழல் வேலைதான்.

இரண்டாவது, உயர் நீதிமன்றத்தில் அரசு நியமிக்கும் சட்ட அலுவலர்கள்: அரசு வழக்கறிஞர், கூடுதல் அரசு வழக்கறிஞர், சிறப்பு அரசு வழக்கறிஞர் என்று பல படி. தொழிலாளர் துறை, மாசுக் கட்டுப்பாடு, கடலோர ஒழுங்குமுறை, மீன்வளம் என்று துறை வாரியாகக் கட்டுகள் வருவது இங்கேதான். இது நிரந்தர வேலை இல்லை. அரசு வேண்டாம் என்றால் அன்றைக்கே கட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறும். வீட்டுக்கடன் வாங்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, அரசுக் கழகங்கள், வாரியங்கள், உள்ளாட்சிகளுக்கு, அவற்றின் வழக்குகளில் வழக்கமாக ஆஜராகும் நிலை வழக்கறிஞராக (ஸ்டாண்டிங் கவுன்சில்) இருப்பது. போக்குவரத்துக் கழகம், மின் வாரியம், நகராட்சி எல்லாம் தொழிலாளர் வழக்கு விளையும் நிலங்கள். நம் மாவட்டத்திலேயே வாலிநோக்கத்தில் மாநில அரசின் உப்புக் கழகம் இருக்கிறது. முதலாளி அரசு, தொழிலாளி உப்பளத்துக்காரர், இடம் கடற்கரை. இந்தக் கட்டுரையின் இரண்டு விஷயமும் ஒரே வரப்பில் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் அங்கே போய்ப் பாருங்கள்.

நான் இரண்டாவது வழியில் வந்தவள். கீழே சொல்வது பெரும்பாலும் அதற்குத்தான். முதல் நான்கு படிகள் மட்டும் எல்லோருக்கும் பொது.

2. சட்டக் கல்லூரி: மார்க்கை விடப் பெயரைப் பாருங்கள்

நான் படித்தபோது மதுரைக்குப் போய் விடுதியில் தங்க வேண்டியிருந்தது. 2017 முதல் இராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி நடக்கிறது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம்தான் சேர்க்கை நடத்துகிறது. அரசுக் கல்லூரிகளுக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு எதுவும் வேண்டாம். ஐந்தாண்டுப் படிப்புக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்ணும், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணும் தரவரிசைக்கு எடுக்கப்படும். வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி பொதுப் பிரிவுக்குக் குறைந்தது 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 40.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படியேறிப் போகும். தேர்வு முடிவு வந்த பிறகு போனால் மாவட்டமே வரிசையில் நிற்கும். மார்ச் மாதத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு பொறி உண்டு. அப்பா பெயர் ரேஷன் கார்டில் ‘அந்தோணி’, ஆதாரில் ‘அந்தோனி’, பள்ளிச் சான்றிதழின் ஆங்கில எழுத்தில் இன்னொரு விதம். முஸ்லிம் வீடுகளில் ‘முகம்மது’, ‘முஹம்மது’, ‘மொகமது’. என் கூடப் படித்த ஒருத்திக்கு இன்ஷியல் ஒரு சான்றிதழில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தது. கல்லூரியில் யாரும் கேட்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து வக்கீலாகப் பதிவு செய்யப் போனபோது கேட்டார்கள். அந்த மாதப் பதிவு போய் அடுத்ததற்குக் காத்திருந்தாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தை மூலமாக வைத்து மற்றதையெல்லாம் இப்போதே திருத்திவிடுங்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் மூன்றாண்டு சட்டப் படிப்புக்குத் தகுதியில்லை. 2008-இன் சட்டக் கல்வி விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. வெளிமாநிலத்தில் சில இடங்களில் இதைக் கண்டுகொள்ளாமல் சேர்த்துக்கொண்டு கட்டணமும் வாங்கிவிடுவார்கள். மாட்டுவது பதிவின்போது.

3. பதிவும் தகுதித் தேர்வும்

பதிவுக் கட்டணம் பற்றி இன்னமும் பழைய தொகையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். 2024 ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வழக்கறிஞர் சட்டம் 24-ஆம் பிரிவில் உள்ள தொகைக்கு மேல் எந்த மாநில பார் கவுன்சிலும் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது: பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125. முத்திரைத் தீர்வை தனி. அதற்கு முன் கட்டியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். என் பணம் போனது போனதுதான்.

பதிவு சென்னையில் நடக்கும். கட்டணம் குறைந்தாலும் போக வர ரயில், ஓர் இரவு தங்கல், கோட்டு, கவுன், வெள்ளைப் பட்டை என்று கையில் பணம் வைத்திருங்கள். கோட்டை மதுரையில் தைத்துக்கொள்ளுங்கள், மெல்லிய துணியில். மே மாதம் இராமநாதபுரம் கோர்ட் வராந்தாவில் நின்று பார்த்தால் ஏன் என்று தெரியும்.

இரண்டு விஷயத்தில் மறைக்கக் கூடாது. ஏதாவது சம்பள வேலையில் இருந்தால் ராஜினாமா செய்து விடுவிப்புச் சான்றிதழோடு போங்கள். முழுநேரச் சம்பளக்காரர் வக்கீல் தொழில் பார்க்கக் கூடாது. அப்புறம், வழக்கு. நம் கரையில் மறியல், முற்றுகை என்று ஏதாவது ஓர் எஃப்.ஐ.ஆரில் பேர் இல்லாத வீடு குறைவு. இருந்தால் விண்ணப்பத்தில் எழுதி, எஃப்.ஐ.ஆர். நகலையும் வையுங்கள். போலீஸ் சரிபார்ப்பில் எப்படியும் தெரிந்துவிடும். வழக்கு இருப்பதை விட மறைத்ததுதான் தொல்லை தரும்.

பதிவு ஆனபின் 2 வருஷத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 100 கேள்வி, தேர்ச்சிக்கு 45 மதிப்பெண், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 40. குறிப்பில்லாத வெறும் சட்டப் புத்தகம் கொண்டுபோகலாம். தொழிலாளர் சட்டத்துக்கு 4 கேள்வி, சுற்றுச்சூழலுக்கு 2. ஆக, இந்தத் தேர்வு நம் துறையை உங்களுக்குச் சொல்லித் தராது. தேறிவிட்டு நகருங்கள்.

4. சீனியர்: முதல் 5 வருஷம் யாரிடம்?

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. நல்ல உத்தரவு. சேரும் நாளில் இதைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். ஆனால் அந்தத் தொகையை நம்பி அறை வாடகைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு முதல் வருஷம் கிடைத்தது பஸ் காசும் மதியச் சாப்பாடும். ஒரு வருஷச் செலவுக்கான பணம் வீட்டிலோ கையிலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நேராக மதுரைக் கிளைக்குப் போகலாமா, இராமநாதபுரத்திலேயே இருக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் 2 வருஷம் மாவட்ட நீதிமன்றத்தில் இருங்கள் என்பதுதான் என் பதில். சாட்சி விசாரணை அங்கேதான் நடக்கிறது. உயர் நீதிமன்றத்தில் எல்லாம் காகிதம். அந்தக் காகிதம் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாதவர் அரசுத் தரப்பில் உட்கார்ந்தால் துறை எழுதிக் கொடுப்பதை அப்படியே வாசிப்பார். அதன் பிறகு மதுரை. மாட்டுத்தாவணியில் இறங்கி மேலூர் ரோட்டில் போனால் கிளை. இராமநாதபுரத்திலிருந்து தினமும் போய் வருகிறேன் என்று நானும் ஒரு மாதம் முயன்றேன். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. காலை 10.30-க்கு என் வழக்கைக் கூப்பிட்டபோது நான் சிலைமானில் பஸ்ஸுக்குள் இருந்தேன். அத்தோடு அறை எடுத்துவிட்டேன்.

சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெரிய ஆளா என்று பார்க்காதீர்கள். தொழிலாளர் பக்கமும் நிர்வாகப் பக்கமும் ஆஜராகியிருக்கிறாரா என்று பாருங்கள். தொழிலாளர் அலுவலர் முன் நடக்கும் சமரசப் பேச்சுக்கு ஜூனியரைக் கூட அழைத்துப் போகிறவர் கிடைத்தால் விடாதீர்கள். அந்த மேசையில் கற்பதைக் கல்லூரி தராது.

5. தொழிலாளர் கட்டு: முதலில் கேட்க வேண்டியது ‘எங்கே?’

ஒரு பெண் கையில் மஞ்சள் பையோடு வருகிறார். பன்னிரண்டு வருஷம் ஒரே இடத்தில் வேலை, திடீரென்று வராதே என்றுவிட்டார்கள். புதியவர்கள் உடனே ‘நீக்கம் சட்டவிரோதம்’ என்று எழுத ஆரம்பிப்பார்கள். அதற்கு முன் அவர் சட்டப்படி ‘தொழிலாளி’யா, ‘அரசு ஊழியரா’ என்று பாருங்கள். தொழிலாளி என்றால் சமரச அலுவலர், பிறகு தொழில் தீர்ப்பாயம். அரசு ஊழியர் என்றால் அரசின் உத்தரவை எதிர்த்து ரிட் மனு, உயர் நீதிமன்றம். தப்பான வாசலில் மூன்று வருஷம் நின்றுவிட்டு ‘இது இங்கே வராது’ என்று திரும்பி வந்த கட்டுகளை நான் எண்ணி மாளாது. இந்தக் கேள்விக்கு அடி 1978-இல் வந்த பெங்களூரு குடிநீர் வாரியத் தீர்ப்பு. முதலாளியும் தொழிலாளியும் கூட்டாக, முறையாக ஒரு சேவையைத் தருகிறார்கள் என்றால் லாபம் இல்லாவிட்டாலும் அது ‘தொழில்’தான் என்றது.

அடுத்தது 2006 ஏப்ரல் 10-இல் வந்த உமாதேவி தீர்ப்பு. பின்வாசல் வழியாக வந்த தற்காலிக ஊழியரை நிரந்தரமாக்க முடியாது என்பதற்கு அரசுத் தரப்பு எடுத்து வீசும் முதல் ஆயுதம் அது. நானும் வீசியிருக்கிறேன். ஆனால் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரந்தரத் தன்மையுள்ள வேலையை வருஷக்கணக்கில் தற்காலிகம் என்ற பேரில் வாங்கிக்கொண்டு உமாதேவிக்குப் பின்னால் ஒளியக் கூடாது என்று கண்டித்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் நீதிபதி முன்னால் எழுந்து நிற்காதீர்கள்.

தமிழ்நாட்டுக்கென்று 1981-இல் வந்த நிரந்தரத் தகுதிச் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்திருந்தால் நிரந்தரம். 50 பேருக்குக் குறையாத நிறுவனத்துக்குத்தான் பொருந்தும். பருவத் தொழிலுக்குப் பொருந்தாது. நம் ஊரில் இதுதான் சண்டை. உப்பளம் மழைக்காலத்தில் நின்றுவிடுகிறது, அதனால் பருவத் தொழில் என்று ஒரு தரப்பு சொல்லும். உப்பு வாருவது நிற்கலாம், வரப்புக் கட்டுவதும் மூட்டை தூக்குவதும் நிற்கவில்லையே என்று மறு தரப்பு கேட்கும். முடிவு வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

அந்தப் பதிவேட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஒன்று ஓரமெல்லாம் உப்பேறி மொடமொடவென்று இருந்தது. பெயருக்கு நேராகக் கட்டை விரல் ரேகை, சில மாதத்தில் ஒரே விரல் நான்கு பெயருக்கு நேராக. அக்டோபரிலிருந்து பக்கம் காலி. ஆனால் அந்தப் பெண் மஞ்சள் பையிலிருந்து எடுத்த மளிகைக்கடைச் சிட்டை நோட்டில், ‘கூலி வந்ததும்’ என்று நவம்பரில் மூன்று தேதியில் கடன் தீர்த்திருந்தது. வழக்கின் போக்கு அந்தச் சிட்டையில்தான் மாறியது. தொழிலாளியிடம் நியமன உத்தரவைக் கேட்டு, இல்லை என்றதும் அனுப்பிவிடாதீர்கள். சிட்டை, வங்கிப் பாஸ்புக், அடையாள அட்டை, மேஸ்திரியின் வாட்ஸ்அப் செய்தி, இ.எஸ்.ஐ. எண் எல்லாவற்றையும் கேளுங்கள்.

இப்போது பெரிய எச்சரிக்கை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் நீக்கப்பட்டவர் 3 வருஷத்துக்குள் நேராக நீதிமன்றம் போகலாம் என்று இருந்தது. புதிய தொகுப்பில் தகராறு எழுந்து 2 வருஷம் போனபின் சமரச அலுவலர் அதை எடுக்க முடியாது. சமரசம் முறிந்த அறிக்கை கைக்கு வந்தபின் தொழில் தீர்ப்பாயம் போக 90 நாள். மாதமல்ல, நாள். சீனியர் அலமாரியில் இருக்கும் பழைய புத்தகத்தைப் பார்த்துக் காலக்கெடு சொன்னால் ஒருவரின் வேலை உங்களால் போகும். புதிய புத்தகத்தை வாங்குங்கள். பழையதையும் தூக்கிப் போடாதீர்கள். முன்பு எழுந்த வழக்குகள் இன்னும் பல வருஷம் ஓடும்.

6. கடற்கரைக் கட்டு: நாடாவின் மறுமுனையை யார் பிடித்தார்கள்?

படிக்க வேண்டிய சட்டங்கள் பல: தண்ணீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011, 2019, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005, அதன் 2023 திருத்தம், வனவிலங்குச் சட்டம் 1972. கடைசிச் சட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது: 2022 திருத்தத்தில் அட்டவணைகள் மாற்றி அடுக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலானது. பழைய அட்டவணை எண்ணை எழுதிய மனுவைத் திருத்தி வரச் சொல்லி ஒரு வாய்தா போகும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளப்பாறையும் கடற்புல்லும் உள்ள இடம் மண்டல அறிவிக்கையில் முதல் வகை, கெடுபிடி அதிகம். எங்கள் பக்கம் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் சொல்வோம். தென்கடலில் பாசி எடுக்கும் பெண்ணும் வடகடலில் இறால் பண்ணை வைத்திருப்பவரும் ஒரே சட்டப் புத்தகத்தின் வெவ்வேறு பக்கத்தில் நிற்கிறார்கள். பண்ணைக்கு எதிரான வழக்கில் தவறாமல் வருவது 1996 டிசம்பர் 11-இல் வந்த ஜெகந்நாத் தீர்ப்பு. அதற்குப் பிறகு வந்த 2005 சட்டம், உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றது. 2023 திருத்தம் குஞ்சுப் பொரிப்பகம் போன்றவற்றுக்குத் தளர்வு தந்தது. ஆகவே, பண்ணையா, பொரிப்பகமா என்பதை உரிமத்தில் பார்த்துவிட்டு வாதத்தைத் தொடங்குங்கள்.

எல்லாச் சண்டையும் அந்த 200 மீட்டரில்தான். அரசுத் தரப்பில் இருந்தபோது ஒரு பண்ணையை அளக்கும் இடத்துக்கு நானே போனேன். பிற்பகல் 2 மணி, வடகடல் உள்வாங்கிச் சேறு வெகுதூரம் தெரிந்தது. சர்வேயர் நாடாவை இழுத்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தவர் யார் என்று பார்த்தால் பண்ணைக்காரரின் ஆள். தண்ணீர் எங்கே தொடங்குகிறதோ அதுவே அலைக்கோடு என்று அவர் நின்றார். 240 மீட்டர் என்று குறிப்பு எழுதியாகிவிட்டது. உயர் அலைக்கோடு கண்ணால் பார்த்துப் போடுவதல்ல. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் வரைந்த கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் இருப்பதுதான் கோடு. வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது பண்ணையின் கிழக்குக் குளம் முழுவதும் உள்ளே வந்தது. அன்றைக்கு நான் போகாமல் இருந்திருந்தால் அந்த 240-ஐத்தான் நீதிமன்றத்தில் சொல்லியிருப்பேன்.

அதனால் இந்த வகைக் கட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை: சர்வே எண்ணோடு புலப்பட நகல், வருவாய்த் துறை நிலக் கணக்கான அ-பதிவேட்டின் நகல், அங்கீகரித்த வரைபடத்தின் அந்தப் பகுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணைகள், ஆய்வு நடந்த தேதியும் நேரமும், ஆய்வில் கூட இருந்தவர்களின் கையெழுத்து. செல்போனில் எடுத்த கூகுள் வரைபடப் படம் துணைக்கு இருக்கலாம், ஆதாரமாகாது. தண்ணீர் மாதிரி எடுத்திருந்தால் எந்தக் கேனில் யார் எடுத்தார்கள், எப்போது ஆய்வகம் போனது என்ற சங்கிலி வேண்டும். ஊர்க்காரர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால் நமக்குக் கோபம் வரும். தீர்ப்பாயத்துக்கு வராது.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில் கலச மகாலில் இருக்கிறது. காலக்கெடுவை மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். தீர்ப்பாயச் சட்டத்தில், சுற்றுச்சூழல் தகராறை எழுப்பும் 14-ஆம் பிரிவு மனுவுக்கு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், கூடுதலாக 60 நாள். இழப்பீடு கேட்கும் 15-ஆம் பிரிவுக்கு 5 வருஷம், கூடுதலாக 60 நாள். 16-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு 30 நாள், கூடுதலாக 60 நாள். தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போக 90 நாள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம். கோடிக்கணக்கில் எழுதிவிட்டுக் கட்டணத்தைப் பார்த்து விழித்தவர்கள் உண்டு.

7. அரசுத் தரப்புக்கு விண்ணப்பிக்கும்போது

சட்ட அலுவலர் நியமனத்துக்கு முறை வேண்டும், வெளிப்படை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் ஒரு பஞ்சாப் வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றச் சட்ட அலுவலர்களுக்கு 2017-இல் தனி விதிகள் வந்தன. சிபாரிசு இல்லாமல் நடக்குமா என்று கேட்காதீர்கள், நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் சிபாரிசு இருந்தும் காகிதம் சரியில்லாமல் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதிவுச் சான்று, பார் தேர்வுச் சான்று, தொழில் பார்த்த காலத்துக்கு வழக்கறிஞர் சங்கச் சான்று, மூன்று வருஷ வருமானவரிக் கணக்கு, நீங்கள் ஆஜரான தீர்ப்புகளின் நகல். கடைசி ஒன்றில்தான் எல்லோரும் தடுக்குவார்கள். வருஷக்கணக்கில் சீனியர் வக்காலத்தில் ஆஜராகியிருப்போம், தீர்ப்பில் நம் பெயர் இருக்காது. முதல் வருஷத்திலிருந்தே உங்கள் பெயரையும் வக்காலத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நான் ஆறு வருஷம் கழித்துத்தான் கேட்டேன். சீனியர் ‘இதை முதல்லயே கேட்டிருக்கலாமேம்மா’ என்றார். வருமானவரிக் கணக்கும் அப்படியே. வருமானம் குறைவு என்று தாக்கல் செய்யாமல் விட்டால் பின்னால் காட்ட ஒன்றும் இருக்காது.

நியமனம் ஆனதும் கையில் உள்ள அரசுக்கு எதிரான கட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ மனு எழுதியவரோ அதே வழக்கில் எதிர்த் தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று பார் கவுன்சிலின் 33-ஆம் விதி சொல்கிறது. நான் மஞ்சள் பைக்காரியின் கட்டை இன்னொரு வக்கீலிடம் ஒப்படைத்தேன். வாங்கிய பீஸில் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. ‘நீ சர்க்கார் பக்கம் போறேன்னா எனக்கு எதிரா வந்து நிப்பியா தாயி?’ என்று மட்டும் கேட்டார். அந்த வழக்கில் நிற்க மாட்டேன் என்றேன். வேறு பல பேருடைய வழக்கில் நின்றேன். இது உங்களுக்குத் தாங்குமா என்பதை விண்ணப்பம் எழுதும் முன் யோசித்துவிடுங்கள். எனக்குத் தாங்கியது ஒரே காரணத்தால்: துறை செய்தது தப்பு என்று தெரிந்தால், கவுன்ட்டர் என்னும் பதில் மனு போடும் முன் அதிகாரிக்கு எழுத்தில் சொல்ல அந்த நாற்காலியில் இடம் இருக்கிறது. பத்தில் ஏழு பேர் கேட்க மாட்டார்கள். மூன்று பேர் கேட்டு உத்தரவைத் திருத்தியிருக்கிறார்கள்.

8. முதல் மூன்று மாதம்

வழக்கு வந்ததும் துறையிடமிருந்து பாராவைஸ் ரிமார்க்ஸ் வர வேண்டும். மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் துறையின் பதில் அது. அது வராமல் கவுன்ட்டர் எழுத முடியாது. வருவதற்குள் மூன்று வாய்தா போகும், நீதிபதியின் கோபம் உங்கள் தலையில் விழும். முதல் வாரத்திலேயே சம்பந்தப்பட்ட பிரிவு எழுத்தரின் கைபேசி எண்ணை வாங்குங்கள். இயக்குநரின் எண்ணை விட அது உதவும். நீங்கள் நினைவூட்டிய தேதிகளைக் கட்டின் உள் அட்டையில் எழுதி வையுங்கள். நீதிமன்றம் கேட்கும்போது ‘கேட்டிருக்கிறோம்’ என்று சொல்வதும், ‘இந்த இந்தத் தேதியில் கேட்டோம்’ என்று சொல்வதும் ஒன்றல்ல.

வந்த ரிமார்க்ஸை அப்படியே தட்டச்சு செய்து அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். ஒருமுறை ஒரு துறை, முந்தைய வருஷம் வேறொரு ஊர் வழக்குக்கு எழுதியதையே பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தது. எட்டாவது பத்தியில் ஊர் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். கடலே இல்லாத ஓர் ஊரின் கடற்கரையைப் பற்றி நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பில் விஷயம். பீஸ் வழக்கு வாரியாகத்தான் வரும், வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு உத்தரவு வந்த அன்றே சான்றிட்ட நகலோடு பில்லை எழுதி, இரண்டு நகல் எடுத்து, கொடுத்த இடத்தில் முத்திரை வாங்குங்கள். வருஷக் கடைசியில் சேர்த்துப் போடலாம் என்று விட்ட என் முப்பத்தொரு பில்லுக்கு உத்தரவு நகல் தேடியே ஒரு கோடை விடுமுறை போனது. பதவி போன பிறகும் பழைய பில்லுக்கு அலைய வேண்டியிருக்கும், முத்திரை போட்ட நகல் இருந்தால்தான் பேச முடியும்.

கடைசியாக, ஒரு சின்ன வேலை. எந்தக் கட்டு வந்தாலும் பிரிப்பதற்கு முன் மேலட்டையில் சிவப்பு மையில் இரண்டு தேதி எழுதுங்கள்: உத்தரவு கைக்குக் கிடைத்த தேதி, காலக்கெடு முடியும் தேதி. இரண்டாவதை மனக்கணக்காகப் போடாதீர்கள். காலண்டரை எடுத்து வைத்து, ஒவ்வொரு நாளாக விரல் வைத்து எண்ணுங்கள்.